கண்ணில் சொட்டு மருந்து விடுமுன் ஸ்கேன் விலையைச் சொல்லுங்கள்

போன வருடம் ஒரு காலையில், இங்கே சிங்கப்பூரில், தமிழ் முரசு நாளிதழைப் படித்துக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, எழுத்தெல்லாம் ஏன் நெளிஞ்சு தெரியுது?" என்று கேட்டார். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். அப்போதும் நெளிந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணில் மட்டும் வரிகள் நேராக இல்லை.

அம்மா 1953இல் பிறந்தவர். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்கும்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. பயந்துவிட்டேன். அன்று மாலையே ஒரு தனியார் கண் மருந்தகத்துக்கு அழைத்துப்போனேன்.

கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்ததால் நான் வெளியே போனேன். பத்து நிமிடம்தான். திரும்பி வந்தபோது அம்மா உள்ளறையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. சம்மதத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்தேன். கையெழுத்து கோட்டைவிட்டு இறங்கி, கீழே அச்சடித்திருந்த எழுத்துகளின் மேல் ஓடியிருந்தது. மருந்து விட்ட கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. பல மணி நேரம் அப்படித்தான் இருக்கும். அந்தக் கண்ணோடுதான் அவரை ஒரு தாளைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

ரசீதில் மருத்துவர் கட்டணம், மருந்து, அதோடு அந்த ஸ்கேனுக்கு 'ஓசிடி' என்று போட்டு 260 வெள்ளி. மொத்தத்துக்கும் மேலே 9% பொருள் சேவை வரி. அம்மா பணப்பையிலிருந்து, மூத்தவர்களுக்கு மருத்துவச் சலுகைக்காக அரசாங்கம் கொடுத்த மெர்டேக்கா தலைமுறை அட்டையை எடுத்து நீட்டினார். இங்கே செல்லாது ஆன்ட்டி என்று முகப்பில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னார். அம்மா அட்டையைத் திரும்பப் பையில் வைத்த விதத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. வெளியே வந்ததும், "அஞ்சு நிமிஷம் தாடைய வச்சுக்கிட்டு ஒரு வெளிச்சத்தப் பாத்தேன். அதுக்கா இவ்ளோ?" என்றார்.

அந்த ஸ்கேன் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் அம்மாவின் கண்ணில் இருந்த பிரச்சினை தெரிந்திருக்காது. விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருந்தது. ஓசிடி கதிரியக்கம் எதுவும் இல்லாமல், கண்ணைத் தொடாமல், ஒளியை வைத்தே விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்காக வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் கருவி. 1991இல்தான் இந்த முறை உலகத்துக்குத் தெரிய வந்தது. பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்காரர்களுக்கு வருடாவருடம் எடுக்கும் கண் படம் வேறு. அது விழித்திரையை மேலிருந்து பார்க்கும் புகைப்படம். ரத்தக் கசிவு அதில் தெரியும். உள்ளே எவ்வளவு வீக்கம் என்று அளந்து சொல்ல ஓசிடி வேண்டும். கருவி விலை அதிகம், எடுக்கப் பயிற்சி வேண்டும், படத்தைப் படிக்க மருத்துவர் வேண்டும். காசு வாங்கட்டும். எவ்வளவு என்று சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

அப்புறம், எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் எவ்வளவு மாறுகிறது என்பதே அன்று எனக்குத் தெரியாது. பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதத்தோடு அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனால் மானியக் கட்டணம். குடிமக்களுக்கு வீட்டு வருமானத்தைப் பொறுத்து மானியம் மாறும். அது போக மீதமுள்ள கட்டணத்தில் மெர்டேக்கா தலைமுறைக்கு 25% தள்ளுபடி, அவர்களைவிட மூத்த முன்னோடித் தலைமுறைக்குப் பாதி. மானிய நோயாளிகளுக்குப் பொருள் சேவை வரியை அரசாங்கமே ஏற்கிறது. அதே மருத்துவமனைக்குக் கடிதம் இல்லாமல், இந்த மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்டுப் போனால் தனியார் கட்டணம். மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஸ்கேனுக்கு எடுக்கலாம், ஆனால் வருடத்துக்கு ஒரு வரம்பு உண்டு. எல்லாத் தனியார் மருந்தகங்களும் மெடிசேவ் ஏற்பதும் இல்லை. காப்புறுதி இருக்கிறதே என்று என் தம்பி சொன்னான். மெடிஷீல்டு லைஃப் என்ற அந்த அரசாங்கக் காப்புறுதி பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்வதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும்தான். வெளிநோயாளராகப் போய் எடுக்கும் கண் ஸ்கேனுக்கு அதை நம்பி உட்காரக் கூடாது.

பிறகு கடிதம் வாங்கி அம்மாவை அரசு மருத்துவமனைக்கே மாற்றினோம். முதல் நாள் அங்கே மறுபடியும் ஓசிடி. பழைய இடத்தில் எங்களிடம் கொடுத்தது ஒரே ஒரு தாள். வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று ஒப்பிட ஒரே கருவியில் எடுத்த படங்கள் இருந்தால்தான் நல்லது என்றார்கள். நியாயம்தான். ஆனால் முதல் வாரத்திலேயே இரண்டு ஸ்கேனுக்குக் காசு கட்டினோம். இரண்டாவதற்கு நாங்கள் கட்டியது முதலாவதில் பாதிகூட இல்லை.

இது ஒரு தடவையோடு முடிகிற செலவும் இல்லை. வீக்கத்துக்கு ஊசி போட்டால் திரும்பத் திரும்பப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். கண் நீரழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களும் ஆயுள் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வரும் நம் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இனிப்பு நீர் என்று உங்களுக்கே தெரியும். ஒருமுறை எதிர்பாராத ரசீது கையில் வந்தால், "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அடுத்த தடவை போக மாட்டார்கள். என் பெரியம்மா அப்படித்தான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். இப்போது அவருக்கு ஒரு கண்ணில் விரல்களை எண்ண மட்டுமே முடிகிறது. பயமெல்லாம் இல்லை, காசுதான் என்று அவரே என்னிடம் சொன்னார்.

கண் மருந்தகங்களில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பெயர் பதியும்போதே சொல்லிவிடுங்கள்: ஸ்கேன் எடுக்க வேண்டி வரலாம், இவ்வளவு ஆகும், ஒரு கண்ணுக்கா இரண்டுக்கும் சேர்த்தா என்று. பிள்ளைகளே, நீங்களும் அந்த அறைக்குள் கூடவே போங்கள். நான் வெளியே போனதுபோல் போகாதீர்கள். படங்களின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மா இப்போது தன் சந்திப்பு அட்டையின் பின்னால் தடித்த பேனாவில் "எவ்வளவு? ஒரு கண்ணா, ரெண்டா?" என்று எழுதி வைத்திருக்கிறார். போன மாதம் தாதி சொட்டு மருந்துப் புட்டியைத் திறக்கப் போனபோது அந்த அட்டையைத் திருப்பிக் காட்டினார். தாதி புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணினியில் தேடிப் பார்த்துச் சொன்னார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "சரிம்மா, இப்ப விடு" என்று அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டார்.