சவப்பெட்டியின் தலைமாட்டில் ரோமர் 9

கோலாலம்பூர் செந்தூல் துக்க வீட்டு வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுக்களையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கிறிஸ்தவரான அந்தத் தம்பி கேட்டது ஐந்து நிமிட ஆறுதல் ஜெபம். இறந்துபோன அவருடைய அம்மா இந்து, கடைசிவரை வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர். தேவாரம் பாடி முடித்து, செராஸ் மின்சுடலைக்கு வண்டி கிளம்பக் காத்திருந்த இடைவெளியில் நம் சபைப் பிரதர் எழுந்து பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபம் 9:13ஐ வாசித்தார். "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்." வாசித்ததோடு விட்டாரா? தெரிந்துகொள்ளப்படாதவர்களுக்காக, அதாவது இரட்சிப்புக்கென்று கடவுள் தேர்ந்தெடுக்காதவர்களுக்காக, அழக்கூடாது என்று அந்த மகனுக்குப் புத்தியும் சொன்னார். வீடியோவுக்குக் கீழே வரிசையாக ஆமென்கள். "சத்தியத்தைத் தைரியமாகப் பேசினீர்கள் பிரதர்!" ஆமாம், பெரிய தைரியம்தான். செத்தவர் எழுந்து பதில் சொல்லப் போவதில்லையே.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். யார் இரட்சிக்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிற முன்குறித்தலை நம்புங்கள், நம்பாமல் போங்கள், அது உங்கள் பாடு. ஆனால் ஒரு பிணத்தைக் காட்டி "இவர் பட்டியலில் இல்லை" என்று சொல்ல அந்த உபதேசமே இடம் கொடுக்கவில்லை. அதை விரிவாக எழுதிய சீர்திருத்தவாதி கால்வின் கொடுக்கவில்லை. அதை உறுதிப்படுத்திய டார்ட் சபை மாநாடு கொடுக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை கொடுக்கவில்லை. யூடியூபில் இரண்டு தொடர் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

கால்வினிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவருடைய பெரிய இறையியல் நூலான இன்ஸ்டிட்யூட்ஸின் 1559 பதிப்பில் தெரிந்துகொள்ளுதல் எங்கே வருகிறது? கடவுளைப் பற்றிய முதல் புத்தகத்தில் அல்ல. மூன்றாம் புத்தகத்தில், 21 முதல் 24 வரையுள்ள அதிகாரங்களில். அதற்கு முன் விசுவாசம், மனந்திரும்புதல், நீதிமானாக்கப்படுதல் எல்லாம் பேசி, 20ஆம் அதிகாரத்தில் ஜெபத்தைப் பற்றி நீளமாக எழுதிவிட்டுத்தான் இங்கே வருகிறார். ஏற்கெனவே விசுவாசத்துக்குள் வந்தவன், தன் நம்பிக்கை ஆடும்போது பிடித்துக்கொள்ள வைத்த கைப்பிடி அது. தன் தெரிந்துகொள்ளுதலைப் பார்க்க வேண்டுமானால் கிறிஸ்துவாகிய கண்ணாடியில் பார் என்கிறார் (3:24:5). அடுத்தவனைப் பார்க்க அவர் கண்ணாடி ஏதும் கொடுக்கவில்லை. நாலாம் புத்தகம் 12ஆம் அதிகாரத்தில் இன்னும் கறாராகப் பேசுகிறார்: சபையிலிருந்து விலக்கப்பட்டவனைக்கூட, அழிந்தே போனான் என்று எண்ணித் தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் எண்ணிக்கையிலிருந்து அடித்துவிட நமக்கு உரிமை இல்லை. சபை விலக்கியவனுக்கே இந்த நிதானம் என்றால், சபைக்குள் காலே வைக்காத ஒரு தாய்க்கு?

பிசகு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். "கடவுள் சிலரைத் தெரிந்துகொண்டார்" என்பது முதல் படி. "விசுவாசம் அதன் கனி" என்பது இரண்டாம் படி. இதுவரை சீர்திருத்தச் சபையின் உபதேசம்தான். மூன்றாவதாக, "இவரிடம் கனியை நான் பார்க்கவில்லை, எனவே இவர் தெரிந்துகொள்ளப்படவில்லை" என்று ஒரு தாவல். வெளியே தெரிவதை வைத்து நித்திய தீர்மானத்தை வாசிக்கிற அந்தத் தாவலை எந்த விசுவாச அறிக்கையும் செய்யவில்லை. கடைசி மூச்சில் அந்த அம்மாவுக்குள் என்ன நடந்தது என்று ஐ.சி.யூ. மானிட்டரா சொன்னது?

1618–19இல் டார்ட்டில் கூடியவர்கள் இந்த உபதேசத்தை மறுத்த ஆர்மினியஸின் சீடர்களுக்கு எதிராகவே கூடியவர்கள். மென்மையானவர்கள் இல்லை. அவர்களே முடிவுரையில் ஒன்றை மறுத்து எழுதினார்கள்: தெரிந்துகொள்ளுதல் விசுவாசத்துக்குக் காரணமாயிருப்பதுபோல, தள்ளப்படுதல் அவிசுவாசத்துக்குக் காரணம் என்று சொல்வதைத் தங்கள் சபைகள் வெறுக்கின்றன என்று. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை (1646) 3ஆம் அதிகாரத்தின் கடைசிப் பத்தி, இந்த ஆழமான இரகசியத்தைத் தனி எச்சரிக்கையோடு கையாளச் சொல்கிறது. அந்தப் பத்தி மட்டும் எப்படிப் பிரதர்களின் கண்ணில் படாமலே போகிறது?

உடனே அதே வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் 10:4ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். கிறிஸ்தவ மார்க்கத்தை அறிக்கையிடாதவர்கள் எவ்வளவு நல்லவர்களாக வாழ்ந்தாலும் இரட்சிக்கப்பட முடியாது என்று அங்கே எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறதுதான். மழுப்பவில்லை. அது எனக்குக் கசக்கிறது. ஆனால் அதற்கு முந்திய பத்தியையும் படியுங்கள். வார்த்தையால் வெளிப்படையாக அழைக்கப்பட இயலாத தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் உண்டு, ஆவியானவர் தாம் விரும்பும் நேரத்தில், விரும்பும் இடத்தில், விரும்பும் விதத்தில் கிரியை செய்கிறார் என்று 10:3 சொல்கிறது. கதவை அடைத்த அதே கை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த இரண்டு பத்திக்கும் நடுவே செந்தூல் வீட்டு அம்மாவை எங்கே வைப்பது என்று உங்களை யார் கேட்டார்கள்?

"நீ மெதடிஸ்ட், அப்படித்தான் பேசுவாய்." ஆமாம், மெதடிஸ்ட். அதனால்தான் இதுவரை எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியை இழுக்காமல் உங்கள் ஆட்களை வைத்தே பேசினேன். இப்போது இழுக்கிறேன். 1739இல் வெஸ்லி இந்த உபதேசத்தைக் கிழித்துப் பிரசங்கித்தார். 1740இல் முன்குறித்தலை நம்பிய அவருடைய நண்பர் ஒயிட்ஃபீல்ட் பகிரங்கமாகப் பதில் எழுதினார். சண்டை நிஜமானது, காயமும் நிஜமானது. 1770இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தது யார்? வெஸ்லிதான். இப்படிப்பட்ட காரியங்களில் அவரவர் எண்ணப்படி இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, இறந்தவரின் நல்லதைப் பேசினார். எதிராளியின் சாவில் அப்படி. நம்மாட்களுக்குப் பெற்றவளின் சாவே கிடைக்கிறது, வாதம் ஜெயிக்க.

கத்தோலிக்கரிலும் இதே தகராறுதான், டொமினிக்கர், இயேசு சபையார் என்ற இரண்டு துறவற சபைகளுக்கும் இடையே. 1597இல் விசாரணை தொடங்கியது. 1607இல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். போப்பாலேயே முடியாததை வீட்டு ஜெபக்குழு நடத்தும் செல் குரூப் லீடர் முடித்து வைக்கிறார்.

"அப்போ எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்கிறாயா?" இல்லை. சொல்லவே இல்லை. அடுத்தது.

இனி ரோமர் 9. பவுல் அந்த அதிகாரத்தை எதில் ஆரம்பிக்கிறார்? அழுகையில். தன் சொந்த ஜனத்துக்காகத் தானே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவனாகலாம் என்கிறார், மூன்றாம் வசனத்தில். பத்து வசனம் தள்ளி வருவதுதான் ஏசா. அழாதே என்று ஒரு மகனிடம் சொல்ல, பவுல் அழுதுகொண்டே எழுதிய அதிகாரத்தையா எடுப்பது? அதற்குப் பிறகும் 10:1இல் அதே ஜனத்தின் இரட்சிப்புக்காக விண்ணப்பம் செய்கிறார். 11:32இல் "எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக" என்கிறார். ஏசாவையாவது முழுதாகத் தெரியுமா? ஆதியாகமம் 33ஐத் திறங்கள். தன்னை ஏமாற்றிய தம்பி யாக்கோபை ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறான். வீடியோவில் அந்த அம்மாவின் மூத்த மகன், இன்னும் விபூதி வைத்துக்கொண்டிருக்கிறவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிரதருக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போடுகிறார். யாராவது கவனித்தீர்களா?

தோட்டக் காலத்து ஐயர்மார், அதாவது நம் சபைப் போதகர்கள், இந்து வீட்டுச் சாவுக்கும் போவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சங்கீதம் 90, கர்த்தருடைய ஜெபம், அவ்வளவுதான். பிறகு பந்தலில் உட்கார்ந்து கறுப்புக் கோப்பி குடித்துக்கொண்டு, சுடுகாடு வரைக்கும் கூட நடப்பார்கள். அவர்களுக்கு டார்ட் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பாதி சிலுவை, பாதி முருகன் படம் என்று இருந்த குடும்பங்களுக்குள்தான் அவர்கள் ஊழியம் செய்தார்கள். நம் சபைகளில் பாதிப் பேர் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். இன்றைக்கு நமக்குத் தாத்தா பாட்டியைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இறையியல் எல்லாம் மேல்பூச்சு.

நேற்றிலிருந்து என் இன்பாக்ஸில் "முதலில் நீ இரட்சிக்கப்பட்டாயா?" என்று கேட்பவர்களுக்கு நன்றி. இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், இப்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

கமென்டில் ரோமர் 9ஐ ஒட்டுகிறவர்கள் 33 வசனத்தையும் ஒட்டுங்கள், 10ஐயும் 11ஐயும் சேர்த்து. இன்னொன்று. அம்மாவின் 16ஆம் நாள் காரியத்துக்கு அந்தத் தம்பி போகக்கூடாது என்று யாரோ அவருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார்களாம். அவர் போவார். அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த வீட்டுப் பக்கம் போனோடு யாரும் வரவேண்டாம்.