எஞ்சின் நின்றாலும் பிரேக் இருக்குதுங்க

“திம்பம் இறக்கத்தில் எஞ்சின் நின்றால் பிரேக் சுத்தமாகப் பிடிக்காது, உடனே ஹேண்ட்பிரேக்கை இழுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்புங்கண்ணா. பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) ஒன்றிரண்டு மிதிக்குத் தாங்கும். விட்டு விட்டு மிதித்து அதைத் தீர்த்துவிடாமல், ஒரே அழுத்தாக மிதிக்க வேண்டும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி இறுகும். ஆனாலும் முழுப் பலத்தோடு அழுத்தினால் பிடிக்கும். போன ஐப்பசி மழையில் எனக்கே ஆனது, தொடை விண்ணென்று தெறித்ததுதான் மிச்சம். ஸ்டியரிங்கும் கனக்கும், ஆனால் திரும்பும்.

ஓட்டத்தில் ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றிவிடலாம். அங்கே 27 கொண்டை ஊசி வளைவுங்க! சாவியையும் உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஓரங்கட்டி நின்ற பிறகு ஹேண்ட்பிரேக் போட்டு, ஹசார்டு விளக்கை எரியவிட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.