லூ விட்டேக்கருக்கு விழுந்த 15 ஓட்டு

ஒரு ஆட்டக்காரர் பெரிய ஆளா இல்லையா என்று தெரிந்துகொள்ள எண்கள் எதற்கு, ஆடுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே என்று சொல்கிறவர்கள் உண்டு. பேஸ்பாலில் இந்தச் சண்டை பல வருடமாக ஓய்ந்தபாடில்லை. அப்படிச் சொல்கிறவர்களிடம் நான் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வேன். லூ விட்டேக்கர்.

1977 முதல் 1995 வரை 19 சீசன், டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு மட்டுமே ஆடியவர். ஓடிக் கடக்க வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாவதான செகண்ட் பேஸ் பக்கம்தான் ஃபீல்டிங்கில் அவருடைய இடம். அவர் பேட் பிடிக்க வந்தால் மைதானமே "லூஊஊ" என்று இழுத்துக் கூப்பிடுமாம். புதிதாக வந்தவர்கள் ஏதோ எதிர்ப்புக் கூச்சல் என்று நினைத்துக்கொள்வார்களாம். எனக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுத்த டெட்ராய்ட்காரர் ஒருவர் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டியதில்தான் இந்த மனிதர் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது.

2001இல் அவர் பெயர் முதல்முறையாக, பேஸ்பாலின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமின் ஓட்டுச்சீட்டில் வந்தது. ஓட்டுப் போடுகிறவர்கள் பேஸ்பால் எழுதும் மூத்த பத்திரிகையாளர்கள். 75 சதவீதம் வாங்கினால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் இடம் உண்டு. 5 சதவீதம்கூட வாங்கவில்லை என்றால் அடுத்த வருடச் சீட்டில் பெயரே இருக்காது. அந்த வருடம் ஓட்டுப் போட்ட 515 பேரில் விட்டேக்கருக்குப் போட்டவர்கள் 15 பேர். 2.9 சதவீதம். ஒரே வருடத்தில் ஆள் வெளியே.

இப்போது ஆலன் டிரம்மலைப் பார்க்கலாம். அதே அணியின் ஷார்ட்ஸ்டாப், அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஃபீல்டர். 1977 செப்டம்பர் 9 அன்று பாஸ்டனில் இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தில் அறிமுகமானார்கள். அதற்கப்புறம் சேர்ந்து ஆடியது 1,918 ஆட்டம். தரையோடு வரும் பந்தை ஒருவர் எடுத்து இன்னொருவருக்குத் தள்ள, அவர் செகண்ட் பேஸை மிதித்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய, கண் இமைப்பதற்குள் இரண்டு பேர் அவுட். அந்த டபுள் பிளே ஜோடியின் ஒரு பாதி 2018இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போயிற்று. இன்னொரு பாதி வெளியே நின்றது.

டிரம்மல் தகுதியானவர், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பந்தை அடித்துப் பத்திரமாக பேஸுக்குப் போனால் அது ஹிட். டிரம்மலின் ஹிட் 2,365. விட்டேக்கரின் ஹிட் 2,369. ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வரும் ஹோம் ரன் டிரம்மலுக்கு 185, விட்டேக்கருக்கு 244. ஆடிய வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் என்று சொல்லும் பேட்டிங் சராசரியில் மட்டும் டிரம்மல் மேலே: 0.285க்கு எதிராக 0.276.

பழைய ஆட்கள் பிடித்துக்கொள்வது இந்தச் சராசரியைத்தான். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பந்து வீசும் பிட்சர் நான்கு பந்தைச் சரியான கட்டத்துக்கு வெளியே போட்டு, பேட்டர் அதை எதையும் தொடாமல் விட்டால், அவர் சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்து போகலாம். இதற்குப் பெயர் வாக். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை, ஆட வேண்டுமா விட வேண்டுமா என்று அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிவு செய்வது சாதாரணத் திறமை கிடையாது. ஆனால் சராசரிக் கணக்கில் வாக் வரவே வராது. விட்டேக்கர் வாங்கிய வாக் 1,197. டிரம்மல் வாங்கியது 850. வாக்கையும் சேர்த்து, எத்தனை தடவை அவுட்டாகாமல் பேஸுக்குப் போனார் என்று கணக்குப் போட்டால் வரிசை தலைகீழாக மாறுகிறது: விட்டேக்கர் 0.363, டிரம்மல் 0.352.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 0.285க்கும் 0.276க்கும் உள்ள வித்தியாசம் ஒரு முழு சீசனுக்கு ஏறக்குறைய 5 ஹிட். ஆறு மாதம், 162 ஆட்டம், அதில் 5 ஹிட். தினமும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தாலும் எந்தக் கண்ணுக்கு அது தெரியும்? பார்த்தாலே தெரியும் என்று சொல்கிறவர்கள்கூட உண்மையில் ஒரு எண்ணை வைத்துத்தான் பேசுகிறார்கள். சிறு வயதிலிருந்து பழகிய எண் என்பதால் அது எண்ணாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பேட்டிங், பேஸ் ஓட்டம், ஃபீல்டிங், நிற்கும் இடத்தின் கடினம் எல்லாவற்றையும் ரன்னாக மாற்றி, எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. வார் என்பார்கள். பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற இணையதளத்தின் கணக்கில் விட்டேக்கருக்கு 75க்குக் கொஞ்சம் மேல். அவர் காலத்தை ஒட்டி ஆடிய செகண்ட் பேஸ்காரர்கள் ரைன் சாண்ட்பர்க், ராபர்ட்டோ அலோமர், கிரெய்க் பிஜியோ மூன்று பேருமே 65க்கும் 68க்கும் இடையில். மூன்று பேருமே உள்ளே இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. 1980களில் ஒவ்வொரு பந்தையும் பின்தொடரும் கேமரா கிடையாது, அதனால் அந்தக் காலத்து ஃபீல்டிங் எண் ஒரு மதிப்பீடுதான். விட்டேக்கர் இடது கை பேட்டர், இடது கை பிட்சரை ஆடுவது அவருக்குக் கடினம்; கடைசிச் சில வருடங்களில் அப்படிப்பட்ட பிட்சர் வந்தால் அவரைப் பெரும்பாலும் உட்காரவைத்தார்கள் என்பதும் உண்மை. அது அவருடைய விகிதங்களைக் கொஞ்சம் அழகாக்கிக் காட்டும். அதற்காக ஐந்து வெற்றியைக் கழித்துக்கொள்ளுங்கள். சரி, 70. அப்போதும் அந்த மூன்று பேருக்கு மேலேதான் நிற்கிறார்.

பிறகு ஏன் 15 ஓட்டு? அவருக்கென்று ஒரு பெரிய இரவு இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதே டைகர்ஸ் அணியில் ஆடிய பிட்சர் ஜாக் மாரிஸ் பிறகு மினசோட்டாவுக்குப் போய், 1991 உலகத் தொடர் எனப்படும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், வழக்கமான 9 இன்னிங்ஸையும் தாண்டி 10 இன்னிங்ஸ் தனியாளாக வீசி 1-0 என்று ஜெயிக்கவைத்தார். அந்த இரவைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். டிரம்மலோடு சேர்ந்து மாரிஸும் 2018இல் உள்ளே போனார். அவருடைய வார் விட்டேக்கருடையதில் ஏறக்குறைய 60 சதவீதம்.

விட்டேக்கரைப் பற்றிப் பலருக்கு ஞாபகம் இருப்பது 1985 ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குச் சீருடையை எடுத்துவர மறந்து, கடையில் ஒரு சட்டை வாங்கி, முதுகில் 1 என்று மார்க்கரால் எழுதிப் போட்டுக்கொண்டது. 2,390 ஆட்டம் ஆடிய மனிதரைப் பற்றி ஒரு சட்டைக் கதைதான் மிஞ்சுகிறது என்றால் எனக்கு மனசு கேட்கவில்லை. வருடம் தவறாமல் நன்றாக ஆடுவது ஞாபகத்தில் தங்குவதில்லை. 19 வருடத்தையும் மொத்தமாகக் கூட்டிப் பார்க்க மனதால் முடியாது, காகிதத்தால் முடியும். அதனால்தான் எண்கள் வேண்டும் என்கிறேன்.

ஓட்டுச்சீட்டில் தவறிப்போனவர்களை மறுபடி பார்க்க ஹால் ஆஃப் ஃபேமில் தனிக் குழு உண்டு. 2019 டிசம்பரில் அப்படி 16 பேர் கொண்ட குழு அவரைப் பரிசீலித்தது. 12 ஓட்டு தேவை, கிடைத்தது 6. 2022 ஆகஸ்ட்டில் டைகர்ஸ் அணி அவருடைய 1ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஓய்வு கொடுத்தது. அதே வருடம் டிசம்பரில் ஹால் ஆஃப் ஃபேம் குழுவின் முன் வைத்த 8 பேர் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

2018 ஜூலையில் கூப்பர்ஸ்டவுன் மேடையில் டிரம்மல் பேசும்போது விட்டேக்கர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். டிரம்மல் பேச்சுக்கு நடுவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒருநாள் நீயும் இங்கே நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை என்று சொன்னார்.