நாலு தென்னை மரம்

நேற்று ராத்திரி புல்லட் ரயிலுக்கு நிலம் எடுப்பதைப் பற்றிய ஒரு பதிவுக்குக் கீழே நடந்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே எடுத்துப் போடப் போவதில்லை. "நாலு தென்னை மரத்துக்காக நாடே நிக்கணுமா? ரயில்வேக்கு முழு அதிகாரத்தைக் கொடு, கோர்ட்டு கமிட்டி எல்லாத்தையும் ஓரமா வை, அஞ்சு வருஷத்துல புல்லட் ரயில் ஓடும்." அங்கே ஒருவர் எழுதிய இந்த வரிக்கும் அதற்கு விழுந்த லைக்குகளுக்கும் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அங்கேயே பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். வளர்ச்சிக்கு எதிரி என்று பட்டம் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அதிவேக ரயில் வேண்டும். மும்பை–அகமதாபாத் 508 கிலோமீட்டரும் வேண்டும், நம் பக்கம் பேச்சில் இருக்கிற சென்னை–பெங்களூரு–மைசூரு பாதையும் வேண்டும். அரசாங்கத்துக்கு நிலம் எடுக்கிற அதிகாரம் வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி வளைந்து போக முடியாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்டது ஒன்றுதான். எடுப்பவர் ஒழுங்காக எடுத்தாரா என்று பார்க்க வேறொருவர் இருக்க வேண்டும். எடுத்தவரே பார்த்துக்கொள்வார் என்றால் அதற்குப் பெயர் மேற்பார்வை கிடையாது.

சீனாவைப் பார் என்கிறார்கள். சரி, பார்ப்போம். அங்கே ரயில்வே அமைச்சகமே பாதை போட்டது, அதுவே வண்டி ஓட்டியது, பாதுகாப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னதும் அதுவே. அதற்கென்று தனிப் போலீஸ், தனிக் கோர்ட்டு. அந்த வேகத்தை முன்னின்று நடத்திய அமைச்சர் லியூ சிஜுன் 2011 பிப்ரவரியில் ஊழல் புகாரில் பதவி இழந்தார். அதே வருஷம் ஜூலை 23, வென்ஜோவ் பக்கம் ஒரு ரயில் இன்னொன்றின் மேல் மோதி 40 பேர் செத்துப்போனார்கள். நொறுங்கிய பெட்டியை அங்கேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். அதைப் பார்த்து சீனாவின் ஜனங்களே கொதித்துப்போனார்கள். 2013இல் அந்த அமைச்சகத்தையே கலைத்துவிட்டார்கள். அந்த அமைச்சருக்கு நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை. மேலே கேட்க ஆள் இல்லாத அதிகாரம் அங்கே போய் நின்ற இடம் இது. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போட்டார்கள் என்பதை மட்டும் எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அடுத்தது ஜப்பான். புல்லட் ரயிலே அவர்களுடையதுதானே. டோக்கியோ–ஒசாகா பாதையை எதிர்ப்புக்கு நடுவே பிடிவாதமாகக் கொண்டுவந்தவர் அங்கே ரயில்வே தலைவராக இருந்த சோகோ ஷின்ஜி. செலவு சொன்னதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. 1963இல் அவர் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1964 அக்டோபர் 1 அன்று முதல் வண்டி கிளம்பியபோது அந்த விழா மேடையில் அவர் இல்லை. மகத்தான வேலை செய்த மனிதர், அவரையே கணக்குக் கேட்டார்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கிற, காந்த விசையில் ஓடுகிற ரயிலின் பாதைக்கு ஷிசுவோகா மாகாண ஆளுநர் தன் ஊர் ஆற்றுத் தண்ணீர் என்னாகும் என்று கேட்டு வருஷக்கணக்கில் அனுமதி தராமல் இருந்தார். 2027இல் திறப்பது என்ற திட்டத்தைக் கைவிட்டார்கள். அவர் செய்தது சரியா தப்பா என்று அங்கேயே இன்றும் சண்டை இருக்கிறது. ஆனால் ஒரு ஆற்றுக்காகக் கேட்க அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

நம் ஊருக்கு வருகிறேன். மும்பை–அகமதாபாத் ரயிலுக்காக 2016இல் தனிக் கம்பெனி தொடங்கினார்கள். மத்திய அரசு 50 சதவீதம், குஜராத் 25, மகாராஷ்டிரம் 25. 2017 செப்டம்பர் 14 அடிக்கல். 2022 ஆகஸ்ட் 15க்குள் ஓடும் என்றார்கள். 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் வெளி ஆள் பார்ப்பதற்கு ஒரு இடம் இருந்தது. சமூகத் தாக்கத்தை ஆராய்ந்து, அதை அரசு சாராதவர்களும் ஊர்ப் பிரதிநிதிகளும் இருக்கிற நிபுணர் குழு எடைபோட வேண்டும். குஜராத் 2016இல் சட்டத்தைத் திருத்தி இப்படிப்பட்ட திட்டங்களுக்கு அதை விலக்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2019இல் தீர்ப்பு அரசுக்குச் சாதகம். அதாவது அந்த வரியை எழுதிய நண்பர் கேட்கிற அதிகாரம் அங்கே ஏற்கெனவே கையில் இருந்தது. 2022இல் ரயில் ஓடியதா? குஜராத்தில் 237 கிலோமீட்டருக்கான பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானதே 2020 நவம்பரில். நிலம் கைக்கு வராமல் எப்படி ஒப்பந்தம் போடுவார்கள் என்று கேட்பீர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. மகாராஷ்டிரப் பகுதியில் தாமதம் ஆனதும் உண்மை. ஆனால் தாமதம் மொத்தத்தையும் அந்தப் பக்கம் பால்கரில் இருக்கிற ஆதிவாசி தலையில் கட்டாதீர்கள்.

அந்தக் குழுவும் இல்லையென்றால் நிலக்காரனுக்கு எஞ்சியிருப்பது ஆட்சேபணை மனு. அந்த 2013 சட்டத்தின் 15வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆட்சேபணையைக் கலெக்டர் கேட்பார், அறிக்கை அனுப்புவார், அரசு எடுக்கிற முடிவே இறுதி. நிலத்தைக் கேட்பதும் அரசு, கொடுக்க மாட்டேன் என்பவனுக்குத் தீர்ப்புச் சொல்வதும் அரசு. ரயில் விஷயத்தில் நமக்கே இது தெரிந்திருக்கிறது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். தண்டவாளத்தைப் போட்டவரே சரி என்று கையெழுத்துப் போடக் கூடாது என்று யாரோ யோசித்துத்தான் அப்படி வைத்தார்கள். தண்டவாளத்துக்கு இருக்கிற அந்த மரியாதை அதற்குக் கீழே இருக்கிற மண்ணுக்கு ஏன் இல்லை?

கோர்ட்டு இருக்கிறதே என்கிறார் இன்னொருவர். மும்பை விக்ரோலியில் இந்த ரயிலுக்கு எடுத்த தன் நிலத்துக்காக கோத்ரெஜ் கம்பெனி உயர் நீதிமன்றம் போனது, 2023 பிப்ரவரியில் தோற்றது. தோற்றாலும் பெரிய வக்கீல்களை வைத்து வாதாடித் தோற்றது. ஒரு ஏக்கர் வைத்திருப்பவன் எந்த வக்கீலைப் பிடிப்பான்? குஜராத் விவசாயிகள், இந்த ரயிலுக்குக் கடன் கொடுக்கிற ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துக்கு மனு அனுப்பினார்கள். சொந்த ஊரில் காது கொடுத்துக் கேட்க ஆள் இருந்தால் ஒருவன் கடல் தாண்டி ஏன் எழுதுகிறான்?

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று கேட்டவர்களுக்கு. 1997இல் எங்கள் ஊரில் பைபாஸ் ரோட்டுக்கு நிலம் எடுத்தார்கள். அப்பா ரோடு வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அவர் சண்டை போட்டது ஒரு பட்டியலோடு. எங்கள் புல எண்ணுக்கு நேரே "கிணறு – பயன்பாட்டில் இல்லை, தென்னை – 4" என்று எழுதியிருந்தது. தென்னை பதினொன்று. கிணற்றில் அன்று காலையில்கூட மோட்டார் போட்டிருந்தோம். விசாரணை நாளன்று அப்பா தூக்குவாளியில் கிணற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். வழியில் பாதி தளும்பிக் கொட்டி அவர் வேட்டி நனைந்துவிட்டது. மிச்சத்தை அதிகாரி மேஜைமேல் வைத்தார். "இதை வெளியில வைங்க பெரியவரே, பேப்பர் நனையும்" என்றார் அந்த அதிகாரி. அப்புறம் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நான் போட்ட லிஸ்ட்டு. நானே எப்படித் தப்புன்னு எழுத முடியும்?"

அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. லஞ்சம்கூடக் கேட்கவில்லை. எழுதியவரிடமே போய் எழுதியது தப்பு என்று முறையிட வைத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன். கூடுதல் இழப்பீடு கேட்டு சப்-கோர்ட்டில் ஒன்பது வருஷம் நடந்தார் அப்பா. தீர்ப்பு வந்தபோது கிணற்றுக்கும் பதினொரு மரத்துக்கும் பணம் கொடுக்கச் சொன்னார்கள். அப்பா அந்தக் காகிதத்தில் "பதினொன்று" என்ற இடத்தை விரலால் தொட்டுத் தொட்டு அம்மாவிடம் காட்டினார். தொகை எவ்வளவு என்று அன்று ராத்திரிதான் பார்த்தார்.

இதெல்லாம் பழைய சட்டக் காலத்துக் கதை, இப்போது கிராமத்தில் நிலத்துக்குச் சந்தை விலையைப் போல் நான்கு மடங்கு வரை பணம் கிடைக்கிறதே என்று வருவீர்கள். ஆமாம், சட்டம் மாறியிருக்கிறது, பணம் கூடியிருக்கிறது, அது நல்லது. ஆனால் எத்தனை மடங்கானாலும் பட்டியலில் எழுதியதற்குத்தான். நாலு மரம் என்று எழுதினால் நாலுக்குத்தான் பணம்.

ரயிலுக்கு அதிகாரம் கொடுங்கள். கூடவே அந்தப் பட்டியலை எழுதாத ஒருவரை, மாவட்டத்திலேயே, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் உட்கார வையுங்கள். நாட்டைக் காட்டிக்கொடுக்கிற கோரிக்கையா இது?

கடைசியாக, அந்த வரியை எழுதியவனுக்கு. மாப்ளே, நீ யாரோ என்றால் நான் தூங்கியிருப்பேன். கோடை லீவில் நீயும் நானும் அந்த மரங்களில் ஏறியிருக்கிறோம். வாய்க்கால் ஓரத்து மரத்திலிருந்து நீ வழுக்கி விழுந்து முழங்கை தேய்ந்தபோது எங்கள் அம்மாதான் மஞ்சள் வைத்துக் கட்டினாள். மரம் எத்தனை என்று அந்த அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம், உனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அந்த "நாலை" எடுத்து நீ பொதுவில் எழுதியிருக்கிறாய். காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாய். எடுக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன், நேரில் பேசிக்கொள்ளலாம்.