தஞ்சை பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதா?

"தஞ்சை பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. சில சுற்றுலா வழிகாட்டிகளும் இதையே சொல்கிறார்கள். இது உண்மையல்ல.

காலையில் போனால் விமானத்துக்கு மேற்கே, கருவூர்த்தேவர் சன்னதிப் பக்கம் நிழல் நீண்டு கிடக்கும். மாலையில் அதுவே கிழக்கே திரும்பும். சுடும் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் அந்த நிழலைத் தேடித்தான் ஒதுங்குகிறார்கள்.

சரி, உச்சிவேளையில்? ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் தஞ்சையில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வரும். விமானம் அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகுவதால், அந்த நாட்களின் நண்பகலில் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது நண்பகலிலும் வடக்கே, சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் நிழல் விழும்.

200 அடிக்கு மேல் உயர்ந்த கருங்கல் விமானத்தை 1010-இல் கட்டி முடித்தவர் முதலாம் இராசராசன். திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயர்களையும் கல்லில் வெட்டச் சொன்ன மன்னன் அவன். அந்தக் கல்வெட்டுகள் அடித்தளத்திலேயே இருக்கின்றன. போகிறவர்கள் குனிந்து அவற்றைப் பாருங்கள்.