ஓவன்ஸுக்கு முன்பே ஒருவர் ஓடினார்

ஒலிம்பிக்கில் வென்ற கறுப்பின ஓட்டக்காரர் என்றதும் ஜெஸ்ஸி ஓவன்ஸ் படத்தைப் போட்டுவிடுகிறோம். போடட்டும். 1936 பெர்லினில் நான்கு தங்கம் வாங்கியவருக்கு அது தகும். ஆனால் படத்துக்குக் கீழே "இவரே முதல்வர்" என்று எழுதுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1932 லாஸ் ஏஞ்சலிஸில், எடி டோலன் என்ற கறுப்பின அமெரிக்கர் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றுவிட்டார்.

ஆள் குள்ளம், கட்டையான உடம்பு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மூக்குக்கண்ணாடியோடுதான் ஓடுவார், நழுவாமலிருக்க அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்வார்.

அந்த 100 மீட்டர் இறுதி ஓட்டம் இருக்கிறதே! டோலனும் இன்னொரு கறுப்பின அமெரிக்கரான ரால்ஃப் மெட்காஃபும் எல்லைக்கோட்டில் ஒன்றாக வந்து விழுந்தார்கள். இருவருக்கும் 10.3 விநாடி. படச்சுருளைப் போட்டுப் பார்த்தே நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கோட்டை எட்டியதில் இருவருக்கும் வித்தியாசமில்லை. ஆனால் அன்றைய விதிப்படி, யாருடைய உடம்பு முழுவதும் கோட்டைத் தாண்டுகிறதோ அவருக்கே வெற்றி. அதில் டோலன் முந்தினார். இன்றைய விதியில் மார்பு கோட்டை எட்டினாலே போதும். தான் தோற்றதாக மெட்காஃப் ஒருபோதும் நம்பவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாவம், 200 மீட்டரில் அவருக்குத் தொடக்க இடத்தையே தவறாக அளந்து கூடுதல் தூரம் ஓடவைத்துவிட்டார்கள் என்பார்கள். அதில் டோலன் 21.2 விநாடியில் முதலிடம், மெட்காஃபுக்கு வெண்கலம். பெர்லினிலும் இதே மெட்காஃப்தான் 100 மீட்டரில் ஓவன்ஸுக்கு அடுத்து வந்தார்.

மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர் டோலன். ஊர் திரும்பியபோது அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம், எங்கும் வேலை இல்லை. பதக்கத்தை வைத்துச் சம்பாதிக்கலாமென்றால் அமெச்சூர் விதி குறுக்கே நின்றது: ஒரு காசு வாங்கினாலும் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். உலகின் அதிவேக மனிதர் பிழைப்புக்காகக் கேளிக்கை மேடை ஏறினார், டெட்ராய்ட்டில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போய்ப் பணத்துக்கு ஓடினார். கடைசியில் டெட்ராய்ட் பள்ளி ஆசிரியரானார், 1967இல் காலமானார்.

இவரை ஏன் மறந்தோம்? என் கணக்கு இதுதான்: ஓவன்ஸின் கதையில் வில்லனாக ஹிட்லர் இருக்கிறார், சொல்வதற்கு வசதி. டோலன் கதையில் வில்லனைத் தேடினால் அவருடைய சொந்த நாட்டின் நிறவெறியும், ஏழைக்கு ஒத்துவராத அந்த அமெச்சூர் விதியும்தான் அகப்படும். அதை யார் பெருமையாகச் சொல்வார்கள்? ஓவன்ஸுக்கும் பிற்பாடு அதே கதிதான்: குதிரையோடு பந்தயம் ஓடிக் காசு சம்பாதித்தார். பெர்லினோடு பதிவை முடித்துக்கொள்பவர்கள் அந்தக் குதிரையைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்களேன்.