பெத்தவங்க வீட்டைச் சுத்தம் பண்ணக் கிளம்புறவங்களுக்கு

அந்த வீடியோவைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் பேசாம இருந்தேன். இன்னிக்குக் காலையில எங்க குடும்ப குரூப்லயே "செம காமெடி, மிஸ் பண்ணாதீங்க"ன்னு வந்துடுச்சு. அதுக்கு மேல முடியல.

நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. காசிக்குப் போன அப்பா அம்மா திரும்பி வர்றதுக்குள்ள மகனும் மருமகளும் வீட்டைக் காலி பண்ணி, ஹார்லிக்ஸ் பாட்டில், மடிச்சு வச்ச கவர், பழைய சேலைன்னு எல்லாத்தையும் மூட்டை கட்டி வெளியில போட்டிருக்காங்க. அந்தம்மா அடுப்படிக்குள்ள போய் "எம் புளிப்பானை எங்கடா?"ன்னு கேட்கிற இடத்துல சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்காங்க. அந்தம்மா முகத்தை யாராவது பார்த்தீங்களா? அந்தப் பானையில ஒரு வருஷத்துப் புளி இருந்திருக்கும். வெயில்ல காய வச்சு, கொட்டை எடுத்து, கல்லுப்பு போட்டு அமுக்கி வச்ச புளி. அது உங்களுக்குக் குப்பையா?

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். வயசான அப்பா அம்மா வீட்டுக்குத் திருத்தப் போகாதீங்க. கத்துக்கப் போங்க.

ராஜபாளையத்துல எங்க வீட்டுக்கு லீவுக்குப் போகும்போதெல்லாம் நான் பார்க்கிறதைச் சொல்றேன். அப்பாவோட வேட்டி கரை கிழிஞ்சா அம்மா அதை ரெண்டா கிழிச்சுத் துண்டாக்குவாங்க. துண்டு நைஞ்சா அடுப்படியில கைப்பிடித்துணி. அதுவும் போச்சுன்னா நீளமாக் கிழிச்சு, திரிச்சு, கார்த்திகைக்கு விளக்குத் திரி. பால் பாக்கெட்டை ஓரத்துல சின்னதா வெட்டி, கழுவி, கொடியில மாட்டுவாங்க. அரிசி களைஞ்ச தண்ணி கறிவேப்பிலைச் செடிக்கு. ஊர்ல குழாய்த் தண்ணி தினமும் வராது, அதனால ஒரு செம்பு தண்ணி எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரியும். "புதுசு வாங்கிக்கோம்மா"ன்னா, "ஏய்யா, இது இன்னும் நல்லாத்தானே இருக்கு"ன்னுவாங்க. இதுக்கு நம்மகிட்ட என்ன பதில் இருக்கு? நல்லா இருக்கிற போனை எத்தனை பேர் மாத்தியிருக்கோம்!

அப்பா அதுக்கு மேல. ஈ.பி. கணக்கு அவருக்கு அத்துப்படி. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு 2016-ல வந்துச்சுல்ல, அதை ஒட்டியே வீட்டை ஓட்டுவார். பழைய ஃபேன் 75 வாட், பத்து மணி நேரம் ஓடினா முக்கால் யூனிட், அதனால ராத்திரி ரெண்டு பேரும் ஒரே ரூம்ல, ஒரே ஃபேன். என் சென்னை வீட்டுப் பில்லைப் பார்த்துட்டு அவர்தான் விளக்கினார்: மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினா மேல போன யூனிட்டுக்கு மட்டும் ரேட் கூடுறதில்லை, 101-லிருந்து 200 வரைக்குமான ரேட்டும் ரெண்டு மடங்காயிடும். ஐ.டி. கம்பெனியில எக்ஸெல் ஷீட்டோட குடும்பம் நடத்துற எனக்கு இது தெரியாது. மில்லுல நைட் ஷிஃப்ட் பார்த்தவருக்குத் தெரியுது.

உடனே ஒரு கூட்டம் வரும். "இதெல்லாம் ஹோர்டிங், எதையும் தூக்கிப் போட முடியாமச் சேர்த்து வைக்கிற மனநோய், கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்க." நடக்க வழி இல்லாம, பூச்சி பொட்டு அடையற அளவுக்குச் சேர்க்கிறது வேற. எடுத்த இடத்துல வச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு உபயோகம் வச்சிருக்கிறது வேற. அந்த வீடியோவில அலமாரியைப் பாருங்க, எவ்வளவு ஒழுங்கா இருந்துச்சு! கலைச்சது யாரு?

"அம்மாவோட உழைப்பைச் சிக்கனம்னு பேர் வச்சுப் புகழுறீங்க"ன்னு ஒரு தோழி கேட்டாங்க. நியாயமான கேள்வி. திரி திரிக்கிறதும் வத்தல் போடுறதும் ஆம்பளைங்களும் கத்துக்க வேண்டியதுதான். அதுக்கு மேல என்கிட்ட பதில் இல்லை.

"நாங்கதான் மாசாமாசம் பணம் அனுப்புறோமே, அப்புறம் ஏன் இப்படி இருக்கணும்?" இது மட்டும் எனக்குத் தாங்கல. நான் அனுப்புற பணத்துல பாதி போஸ்ட் ஆபீஸ்ல அஞ்சு வருஷ ஆர்.டி.யாப் போகுது, என் மகள் பேருக்கு. அப்பாவோட வரவு செலவு நோட்டுல அது ஒரு வரி. அதே மாதிரி ஒரு நோட்டுல மிஞ்சின காசுலதான் எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினார். அவங்க சேர்த்து வச்சதுல படிச்சு ஆளாகிட்டு, அவங்க சேர்த்து வச்சிருக்காங்கன்னு கேமராவைத் தூக்கிட்டுப் போறது எந்த ஊர் நியாயம்? அந்தப் பையனும் அப்படி வளர்ந்தவனாத்தான் இருப்பான். அவன் வீட்டு நோட்டை ஒரு நாளாவது பிரிச்சுப் பார்த்திருப்பானா?

கடைசியா, "வறுமையை அழகுபடுத்தாதீங்க"ன்னு சொல்றவங்களுக்கு. நான் அதைச் செய்யல. அப்பாவுக்கு வர்றது 1995-ல தொடங்கின இ.பி.எஸ். பென்ஷன், அதாவது பி.எஃப். பிடிச்ச தொழிலாளிங்களுக்கு மாசாமாசம் வர்ற பென்ஷன். அவர் காலத்துல கணக்குக்கு எடுத்துக்கிட்ட மாசச் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். அதை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும். 15 வருஷம்னு போட்டுப் பாருங்க, 1,400 கூட வராது. 2014-ல குறைந்தபட்சம் 1,000 ரூபாய்னு வச்சாங்க, பத்து வருஷம் தாண்டியும் அதே 1,000 தான். மாத்திரைக்கே பத்தாது. அதைக் குறைந்தபட்சம் 7,500 ஆக்கச் சொல்லி வயசானவங்க டெல்லி வரைக்கும் போய் உட்கார்ந்து போராடுறாங்க. அதுல நான் முழுக்க அவங்க பக்கம். எங்கப்பா ஒரே ஃபேன்ல சமாளிக்கிறார்ங்கிறதைக் காட்டி, இவங்களுக்கு இது போதும்னு யாராவது சொன்னா, அவங்க என் நட்புப் பட்டியல்ல இருக்க வேண்டாம்.